வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் இரவுப் பார்வைக் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பகலில் வாசற்படியின் வெடிப்பு வரை தெளிவாகக் காட்டும் கேமரா, இருட்டியதும் வெறும் சாம்பல் நிறத் திரையைக் காட்டினால், கேமரா பழுதாகிவிட்டது என்று பெரும்பாலானோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. இருட்டில் கேமரா தன் கையில் தானே ஒரு விளக்கைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வெளிச்சம் எதன் மீது பட்டுத் திரும்புகிறதோ அதைத்தான் படமாக்குகிறது. ஆகவே இரவில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கை மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம்: விளக்கு எரிகிறதா, எரியும் வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா, திரும்பி வரும் வெளிச்சத்துக்குக் கேமராவின் உள்வாசல் திறந்திருக்கிறதா. இந்த வழிகாட்டி ஏறத்தாழ அந்த வரிசையிலேயே செல்கிறது. செலவில்லாத சோதனைகள் முன்னால் வருகின்றன. செட்டிங்ஸில் கை வைப்பது வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

இருட்டியதும் கேமராவுக்குள் நடப்பது

லென்ஸைச் சுற்றி வட்டமாகவோ, அதன் கீழே இரண்டு மூன்றாகவோ சிறு எல்இடி விளக்குகள் பதிந்திருக்கும். இவை உமிழும் அகச்சிவப்பு ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக் கேமராக்களில் மிகுதியாகக் காணப்படுவது 850 நானோமீட்டர் அலைநீளம். அவ்வகை விளக்கை இருட்டில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், அணையப்போகும் தணல் போல மங்கிய செந்நிறம் மட்டும் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகளில் அந்தச் செந்நிறமும் இராது. ஆனால் கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சிலிக்கான் சென்சாருக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு என்பதால், அதே மின்சாரத்தில் அவை எட்டும் தூரமும் குறைவாகவே இருக்கும்.

லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு மெல்லிய வடிகட்டி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் கலந்துள்ள அகச்சிவப்பு சென்சாரை எட்டினால் நிறங்கள் திரிந்துவிடும் என்பதால் அதைத் தடுத்து நிறுத்துவது இதன் வேலை. இரவில் இதே வடிகட்டி இடையூறாகிவிடும். அதனால் ஒரு சிறு மின்காந்தம் அதைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. ஓசையற்ற வேளையில் கேமராவின் அருகே நின்றால் கேட்கும் ‘டிக்’ என்ற சத்தம் அதுதான். எப்போது இருட்டியது என்பதை முகப்பில் உள்ள ஒளி உணரியோ, படத்தின் பிரகாசத்தை அளக்கும் மென்பொருளோ தீர்மானிக்கிறது. விளக்கு, வடிகட்டி, உணரி என்ற இம்மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் கருப்பு வெள்ளையில் தெளிவான இரவுப் படம் கிடைக்கும்.

தொடங்கும் முன்: படத்தைப் படித்துப் பாருங்கள்

ஏணியை எடுப்பதற்கு முன், நன்றாக இருட்டிய பிறகு ஒரு நிலைப்படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். வாசல் விளக்கு எரியும்போது ஒன்று, அணைத்த பிறகு ஒன்று. இந்த இரண்டு படங்களை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

படம் வண்ணத்திலேயே இருந்து இருண்டுபோயிருந்தால், கேமரா இன்னும் பகல் நிலையிலேயே இருக்கிறது என்று பொருள். உணரியையோ செட்டிங்ஸையோ பார்க்க வேண்டும். கருப்பு வெள்ளைக்கு மாறியும் இருட்டாகவே இருந்தால், விளக்கு எரியவில்லை அல்லது வடிகட்டி விலகவில்லை. படம் முழுவதும் பால் தெளித்தது போல வெளுத்திருந்தால், வெளிச்சம் மிக அருகில் உள்ள ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்புகிறது. நடுவில் மட்டும் வெள்ளை வட்டம் தெரிந்து ஓரங்கள் இருண்டிருந்தால், விளக்கின் கற்றை லென்ஸின் பார்வைக் கோணத்தைவிடக் குறுகியது. எல்லாம் தெரிந்தும் எல்லாமே மங்கலாக இருந்தால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. இரவானதும் படம் அறுந்து அறுந்து வந்தாலோ, கேமரா தானாக அணைந்து மீண்டும் தொடங்கினாலோ, வேறெதையும் தொடாமல் நேரே மின்சாரத்தைச் சோதியுங்கள்.

படி 1: விளக்கு எரிகிறதா?

இதற்குக் கைப்பேசி போதும். முதலில் கைப்பேசியின் கேமராவைத் திறந்து, தொலைக்காட்சி ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதாவோ வெள்ளையோ கலந்த ஒளி மின்னினால் உங்கள் கைப்பேசிக்கு அகச்சிவப்பு தெரிகிறது. பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். பல கைப்பேசிகளில் பின்பக்க லென்ஸுக்குத்தான் வலுவான தடுப்பு இருக்கிறது. இந்த முன்சோதனையைத் தவிர்த்துவிட்டு, ‘கைப்பேசியில் ஒளி தெரியவில்லை, ஆகவே விளக்கு போய்விட்டது’ என்று நல்ல கேமராவைக் கழற்றியவர்கள் உண்டு.

பிறகு இருட்டில் கண்காணிப்புக் கேமராவை நோக்கிக் கைப்பேசியைத் திருப்புங்கள். எல்லா எல்இடிகளும் ஒரே அளவில் ஒளிர வேண்டும். சில மட்டும் அணைந்திருந்தாலோ, மின்னி மின்னி எரிந்தாலோ, விளக்குப் பலகை வெப்பத்தில் நலிந்துவிட்டது என்று கொள்ளலாம். வெயிலில் காயும் கேமராக்களில் ஆண்டுகள் செல்லச் செல்ல எல்இடிகள் சிறிது சிறிதாக மங்குவது இயல்புதான். சில வடிவமைப்புகளில் விளக்குப் பலகையை மட்டும் தனியாக மாற்ற முடியும். எரியும் அகச்சிவப்பு விளக்கை மிக அருகில் முகத்தை வைத்து உற்றுப் பார்க்கக் கூடாது. கூசும் ஒளிக்குக் கண் தானாக இமைத்துக்கொள்ளும். தெரியாத ஒளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒன்றுமே எரியவில்லை என்றால், கேமராவின் செயலியிலோ பதிவுப் பெட்டியிலோ ‘ஆட்டோ’ என்றிருக்கும் பகல்/இரவு நிலையைக் கட்டாய இரவு நிலைக்கு மாற்றிப் பாருங்கள். இப்போது எரிந்தால் விளக்கில் பழுதில்லை. உணரிதான் இருட்டை அறியவில்லை. அப்படியானால் படி 6க்குச் செல்லலாம். அப்போதும் எரியாவிட்டால் அடுத்த படி. பேட்டரியில் இயங்கும் கேமராக்களில் சில, சார்ஜ் மிகக் குறைந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

படி 2: இரவில் மட்டும் போதாத மின்சாரம்

பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா இரவில் தடுமாறுவதற்கு, என் அனுபவத்தில், அடிக்கடி காரணமாக இருந்தும் அரிதாகவே சந்தேகிக்கப்படுவது இதுதான். அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேலாகவும் உயரக்கூடும். அடாப்டர் பழையதாக இருந்தாலோ, கம்பி நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தாலோ, அந்தக் கூடுதல் சுமை நேரும்போதுதான் குறை வெளிப்படும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.034 ஓம் மின்தடை உண்டு. கேமரா 30 மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவுமாக 60 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2 ஓம். பகலில் 0.3 ஆம்பியர் ஓடும்போது வழியில் இழப்பது 0.6 வோல்ட், 12 வோல்ட்டில் அது பொருட்டே இல்லை. இரவில் 0.8 ஆம்பியர் ஓடினால் இழப்பு 1.6 வோல்ட்டைத் தாண்டும். கேமராவுக்குக் கிடைப்பது 10.4 வோல்ட்டுக்கும் குறைவு. பல கேமராக்களின் விவரத்தாளில் பத்து விழுக்காடு ஏற்ற இறக்கம் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கும். அதன் கீழ் எல்லை 10.8 வோல்ட். விளக்கு எரிய, மின்னழுத்தம் சரிய, கேமரா அணைய, அணைந்ததும் சுமை குறைந்து மின்னழுத்தம் மீள, கேமரா மறுபடி தொடங்கி விளக்கை ஏற்ற என்று விடியும் வரை இந்தச் சுற்று நடந்துகொண்டிருக்கும்.

சோதிப்பதற்கு, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். அளவை அடாப்டரின் முனையில் எடுத்தால் பயனில்லை. கேமராவின் பக்கத்தில், இணைப்பு துண்டிக்கப்படாத நிலையில், விளக்கு எரியும்போது எடுக்க வேண்டும். பகலிலேயே செய்ய விரும்பினால் கட்டாய இரவு நிலையை இயக்கிக்கொள்ளலாம். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் கேமராவைக் கழற்றி, நல்ல அடாப்டர் ஒன்றில் குட்டைக் கம்பியால் நேரடியாக இணைத்து, இருட்டறையில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி கம்பியோ பழைய அடாப்டரோதான்.

தீர்வு எளியது: 1 ஆம்பியர் அடாப்டருக்குப் பதில் 2 ஆம்பியர் அடாப்டர், தடித்த கம்பி, அல்லது கேமராவுக்கு அருகிலேயே மின் இணைப்பு. ஆம்பியர் கூடுதலாக உள்ள அடாப்டரால் கேமராவுக்குத் தீங்கில்லை, அது தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வோல்ட் மட்டும் மாறவே கூடாது. ஒரே அடாப்டரிலிருந்து நான்கு கேமராக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், நான்கின் இரவுத் தேவையையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் இருப்பு வைத்து அடாப்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 வோல்ட் யுஎஸ்பி கம்பியில் இயங்கும் சிறு கேமராக்களில் நீட்டிப்புக் கம்பி போடுவது இதே சிக்கலை இன்னும் விரைவில் கொண்டுவரும். நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ முறையில் இணைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதன் 802.3ஏஎஃப் தரத்தில், அந்தக் கம்பிகள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வரை கொடுக்கிறது, கேமராவின் முனையில் 12.95 வாட் உறுதி. ஆனால் ஸ்விட்சின் மொத்தத் திறனுக்கும் ஒரு வரம்பு உண்டு.

மின் இணைப்பு முனைகளையும் பிரித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் மழைநீர் உள்ளே போயிருக்கிறது. முனையை வெட்டிப் புதிதாக இணைத்து, நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

படி 3: லென்ஸின் முன்னால் இருப்பது

விளக்கு எரிகிறது, மின்சாரமும் சரி, ஆனால் படம் வெளுத்திருக்கிறது என்றால் இனி துணியை எடுக்கலாம். பகலில் கண்ணுக்கே தெரியாத தூசிப் படலம், இரவில் பக்கத்திலிருந்து விளக்கு அடிக்கும்போது பனிமூட்டமாகிவிடும். வெயிலில் முகப்புக் கண்ணாடி அழுக்கான வண்டியை ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் வீட்டு வாசல் கேமரா ஒரு சமயம் இரவு தோறும் ஓயாமல் நடமாட்ட எச்சரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பதிவில், கயிறு அளவு தடித்த வெள்ளைக் கோடு ஒன்று படத்தின் குறுக்கே ஊசலாடியது. மறுநாள் காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. விரலை லென்ஸின் முன் மெல்ல நகர்த்தியபோதுதான் ஒரே ஓர் ஒட்டடை நூல் தட்டுப்பட்டது. லென்ஸிலிருந்து அரை விரல் தூரத்தில் இருந்ததால், விளக்கின் முழு வெளிச்சத்தையும் அது வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரத்திலிருந்து மாதம் ஒரு முறை ஒட்டடைக் கம்பால் கேமராவைச் சுற்றித் துடைப்பது வழக்கமாகிவிட்டது, எச்சரிக்கைகளும் நின்றன.

துடைக்கும் முறையில் கவனம் தேவை. முதலில் மென்மையான தூரிகையால் மணலையும் தூசியையும் உதிர்த்துவிடுங்கள். உதிர்க்காமல் தேய்த்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கீறலாகும். பின்னர் மைக்ரோஃபைபர் துணியை, மென்மையான சோப்பு சில துளி கலந்த நீரில் நனைத்துப் பிழிந்து துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுக்கவும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் பயன்படுத்தலாம். அசிட்டோனையும் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் அருகில் கொண்டுவரக் கூடாது. குவிமாடக் கேமராக்களின் மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அது வெளிறி வெடிப்பு விட்டுவிடும். புதிதாகப் பொருத்திய கேமராவாக இருந்தால், மூடியின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாள் உரிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். சிரிப்பாகத் தோன்றினாலும், மாதக்கணக்கில் அந்தத் தாளோடே ஓடிய கேமராவை நான் பார்த்திருக்கிறேன்.

குவிமாட வகையில் இன்னொரு நுட்பம் உண்டு. லென்ஸைச் சுற்றி ஒரு ரப்பர் அல்லது பஞ்சு வளையம் இருக்கும். மூடியை மாட்டியதும் அது மூடியின் உட்புறத்தில் இடைவெளியின்றி ஒட்டி நிற்க வேண்டும். விளக்கின் ஒளி மூடிக்குள்ளேயே பிரதிபலித்து லென்ஸுக்குள் புகாமல் தடுப்பது அந்த வளையம்தான். பொருத்தும்போது அது நழுவியிருந்தால், எத்தனை முறை துடைத்தாலும் வெண்மை போகாது. மூடியைக் கழற்றி வளையத்தை நேராக்கி, உட்புறத்தில் படிந்த விரல் ரேகையையும் துடைத்து, மூடியை விளிம்பில் பிடித்தே மாட்டுங்கள். மூடியில் கீறல்கள் மிகுந்திருந்தால் மூடியை மட்டும் மாற்றலாம்.

உட்புறத்தில் நீராவி படிந்திருந்தால், உலர்ந்த நாளில் திறந்து காயவைத்து, சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து, ரப்பர் வளையம் சரியாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்து மூடவும். கம்பி நுழையும் துளைதான் ஈரம் புகும் வழக்கமான வழி. கம்பியைக் கேமராவுக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டால், அதன் வழி வடியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

படி 4: வெளிச்சம் எங்கே பட்டுத் திரும்புகிறது?

வீட்டுக்குள் இருந்து சன்னல் கண்ணாடி வழியாக வெளியைப் பார்க்கும் கேமராவுக்கு இரவுப் பார்வை வேலை செய்யாது. இது பழுதே இல்லை; அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டுத் திரும்பி லென்ஸைக் கூசவைத்துவிடுகிறது. அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒரு விளக்கை எரியவிட்டு, அறையின் உள்விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்ட வைப்பதே ஓரளவு பலன் தரும் வழி. கேமராவை வெளியே கொண்டுபோய் மாட்டுவதுதான் முழுத் தீர்வு.

கண்ணாடி இல்லாத இடத்திலும் இதே கதை வேறு உருவில் வரும். கேமராவின் பார்வைக்குள் பக்கச் சுவர், கூரை விளிம்பு, தூண், செடியின் கிளை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மிக அருகில் இருந்தால், அது பளீரென்று வெளுத்து, அதைப் பார்த்துக் கேமரா தன் ஒளி ஏற்பைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். தொலைவில் உள்ள வாயிற்கதவு இருளில் மூழ்கிவிடும். ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 1 மீட்டரில் உள்ள சுவரோடு ஒப்பிட்டால், 8 மீட்டரில் உள்ள கதவின் மீது விழும் வெளிச்சம் 64இல் ஒரு பங்குதான். இந்த அளவு வேறுபாட்டை எந்தச் செட்டிங்காலும் ஈடுகட்ட முடியாது. கேமராவைச் சில பாகை திருப்பி, அல்லது சுவரிலிருந்து ஒரு சாண் முன்னுக்குக் கொண்டுவந்து, அருகில் உள்ள பொருளைப் படத்திலிருந்து வெளியேற்றுங்கள். கிளையாக இருந்தால் வெட்டிவிடலாம். இலைகள் அகச்சிவப்பை மிகுதியாகப் பிரதிபலிக்கும் என்பதால் கண்ணுக்குக் கரும்பச்சையாகத் தெரியும் செடி படத்தில் வெண்மையாக எரியும்.

இரண்டு கேமராக்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால் ஒன்றின் விளக்கு மற்றொன்றுக்குக் கூசும். தெருவிளக்கு நேராக லென்ஸில் விழுந்தாலும் அப்படித்தான். இரண்டுக்குமே கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பது பெரும்பாலும் போதும்.

படி 5: உள்வாசலான வடிகட்டி

விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்று கைப்பேசி காட்டுகிறது, படமும் கருப்பு வெள்ளைக்கு மாறிவிட்டது, ஆனால் எதுவும் தெரியவில்லை. இந்த நிலையில் ஒரு சாதாரண டார்ச் விளக்கைக் கேமரா பார்க்கும் திசையில் அடியுங்கள். டார்ச் வெளிச்சத்தில் காட்சி நன்றாகத் தெரிந்து, அதை அணைத்ததும் மீண்டும் இருண்டால், வடிகட்டி விலகாமல் அகச்சிவப்பை மட்டும் தடுத்துக்கொண்டிருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. இதன் மறுபக்கமும் உண்டு: வடிகட்டி விலகிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் இரவுப் படம் நன்றாக இருக்கும், பகலில் எல்லாம் இளஞ்சிவப்பும் ஊதாவும் பூசியது போல் தெரியும்.

சிக்கிய வடிகட்டியை விடுவிக்க, பகல் நிலைக்கும் இரவு நிலைக்கும் பத்துப் பதினைந்து முறை மாற்றி மாற்றி இயக்கிப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் ‘டிக்’ ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ஓசை வராவிட்டால், கேமராவின் உடலை விரல் கணுவால் மெதுவாகத் தட்டியபடி மறுபடி இயக்கலாம். பல நேரங்களில் இது போதும், ஆனால் ஒருமுறை சிக்கியது மறுமுறையும் சிக்கும் என்று எதிர்பார்த்திருப்பது நல்லது. மின்னழுத்தம் குறைவாக இருந்தாலும் இந்தச் சிறு மின்காந்தத்துக்கு நகர்த்த வலு இருக்காது. அதனால்தான் படி 2 முன்னால் வந்தது. பிரித்து வடிகட்டித் தொகுதியை மாற்றுவது இயலும் வேலையே, ஆயினும் சென்சாரின் மேல் ஒரு தூசி விழுந்தால் அது எல்லாப் படத்திலும் புள்ளியாக நிற்கும். உத்தரவாதக் காலத்தில் இருந்தால் திறக்க வேண்டாம்.

படி 6: இருட்டை அறியாத உணரி

கட்டாய இரவு நிலையில் எல்லாம் சரியாக இருந்து, ஆட்டோவில் மட்டும் மாறாவிட்டால், உணரிக்கு எங்கிருந்தோ வெளிச்சம் கிடைக்கிறது. வாசல் விளக்கு கேமராவின் மூக்குக்கு நேராக இருக்கும். அது பார்க்க வேண்டிய முற்றமோ இருட்டில் கிடக்கும். விளக்கையோ கேமராவையோ இடம் மாற்றுங்கள், அல்லது மாறும் அளவெல்லையைச் செட்டிங்ஸில் திருத்துங்கள். முகப்பை உள்ளங்கையால் முழுவதும் மூடிச் சில நொடிகள் காத்திருந்தால் கேமரா இரவு நிலைக்கு மாற வேண்டும். அப்போதும் மாறாவிட்டால் உணரி பழுது. அந்தக் கேமராவை நேர அட்டவணைப்படி மாறும்படி அமைத்துவிட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். அட்டவணை வைக்கும்போது கேமராவின் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தவறாக இருந்தால் நண்பகலில் இரவு நிலை வரும்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்ணத்துக்கும் கருப்பு வெள்ளைக்கும் மாறிக்கொண்டே இருப்பது இதன் இன்னொரு வடிவம். விளக்கு எரிந்ததும் அதன் வெளிச்சம் அருகில் உள்ள சுவரில் பட்டுத் திரும்ப, ‘விடிந்துவிட்டது’ என்று கேமரா ஏமாந்து விளக்கை அணைக்கிறது, அணைத்ததும் இருட்டு. மாறுவதற்கான தாமதத்தை 5 நொடியிலிருந்து 30 நொடிக்கு உயர்த்துவது அறிகுறியை அடக்கும். சுவரைப் படத்திலிருந்து விலக்குவது நோயைத் தீர்க்கும்.

படி 7: இரவில் மட்டும் விலகும் ஃபோகஸ்

அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் அதே இடத்தில் குவிவதில்லை. சற்றுப் பின்னால் குவிகிறது. இதற்கென்று திருத்தப்படாத லென்ஸில், பகலில் கூர்மையாக வைத்த ஃபோகஸ் இரவில் விலகிவிடும். ஆகவே கையால் திருகும் லென்ஸாக இருந்தால், ஃபோகஸை இருட்டியபின், நீங்கள் பார்க்க விரும்பும் தூரத்தில் ஒருவரை நிறுத்திச் சரிசெய்து, மறுநாள் பகலில் பாருங்கள். பகல் படம் இம்மியளவு மென்மையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆள் அடையாளம் தேவைப்படுவது பெரும்பாலும் இரவில்தானே. மோட்டார் லென்ஸ் என்றால், பகல்/இரவு மாறும்போது மீண்டும் ஃபோகஸ் செய்யும் வசதி செட்டிங்ஸில் இருக்கும், அதை இயக்குங்கள்.

படி 8: இப்போது செட்டிங்ஸ்

இதுவரை சொன்னவற்றைச் செய்யாமல் இங்கே வருபவர்கள், அழுக்குக் கண்ணாடி வழியே வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள்.

முதலில் ஷட்டர். இருட்டில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் நின்ற பொருள்கள் பளிச்சென்று தெரியும், நடப்பவர் ஆவியாகிவிடுவார். மனிதர் சாதாரணமாக நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நடக்கிறார். ஷட்டர் 1/6 நொடி என்றால் அதற்குள் அவர் 23 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார், முகத்தில் கண் எது மூக்கு எது என்று தெரியாது. 1/25 நொடியில் அது 5 அல்லது 6 சென்டிமீட்டர்தான். 1/25 அல்லது 1/30இல் நிறுத்தி, அதற்கு மேல் நீள அனுமதிக்காதீர்கள். படம் கொஞ்சம் இருண்டாலும் பரவாயில்லை. செயலியில் ‘ஸ்டார்லைட்’ போன்ற பெயர்களில் வரும் பளபளப்பான காட்சி பல நேரங்களில் இந்த நீண்ட ஷட்டரின் வித்தையே.

அடுத்து கெய்ன், அதாவது சென்சார் தரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு. கூட்டினால் படம் வெளிச்சமாகும், கூடவே எறும்பு ஊர்வது போன்ற புள்ளிகளும் பெருகும். அவற்றை அடக்கும் இரைச்சல் குறைப்பை அளவுக்கு மீறி ஏற்றினால் நடப்பவரின் பின்னால் வால் நீளும். இரண்டையும் நடுவில் வைத்துத் தொடங்கி, பதிவைப் பார்த்துப் பார்த்து நகர்த்துவதே முறை. எதிர்வெளிச்சத்தைச் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி, எதிர்வெளிச்சமே இல்லாத இரவில் பெரும்பாலும் புள்ளிகளைக் கூட்டவே செய்யும். இரவுக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள்.

அருகில் வருபவரின் முகம் வெள்ளைத் தட்டாகத் தெரிந்தால் அருகில் ஆள் வரும்போது வெளுப்பைத் தானாகக் குறைக்கும் ‘ஸ்மார்ட் ஐஆர்’ வசதியை இயக்குங்கள், இல்லையேல் விளக்கின் வலிமையைக் குறையுங்கள். வண்டியின் எண்பலகையும் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பியனுப்பும் பூச்சு கொண்டதால் வெளுத்துவிடும். அதைப் படிக்க 1/500 நொடி போன்ற விரைந்த ஷட்டர் வேண்டும், அந்த ஷட்டரில் வேறெதுவும் தெரியாது. ஒரே கேமராவில் முற்றத்தையும் எண்பலகையையும் இரவில் பிடிக்க முயல்வது வீண்.

நேரலையில் தெளிவாகவும் பதிவில் சிதைந்தும் இருந்தால் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் பதிவுக்கு ஒதுக்கப்படும் தரவின் அளவை, பாருங்கள். இரவின் புள்ளிகள் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறுவதால் அவற்றைச் சுருக்குவது கடினம்; பகலுக்குப் போதுமான பிட்ரேட் இரவில் திணறும்.

படி 9: வெளிச்சம் எட்டவில்லை என்றால்

பெட்டியில் ‘30 மீட்டர்’ என்று போட்டிருப்பது ஒளி எட்டும் தூரம். ஆளை அடையாளம் காணும் தூரத்தை அது குறிப்பதில்லை. கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 62676-4இன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது. 1920 பிக்சல் அகலமும் 90 பாகைப் பார்வைக் கோணமும் உள்ள கேமராவில் அந்த அடர்த்தி 4 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு அப்பால் விளக்கைக் கூட்டினால் ஆள் வருவது தெரியும், யார் என்பது தெரியாது. பிக்சலைக் கூட்டியும் இதை எளிதில் தாண்ட முடியாது: அதே அளவு சென்சாரில் பிக்சல்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் பரப்பும் சுருங்கி, அது வாங்கும் வெளிச்சமும் குறைகிறது.

தூரம் உண்மையிலேயே போதவில்லை என்றால், தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைச் சேர்ப்பது கேமராவை மாற்றுவதைவிட நல்ல பலன் தரும். அதன் அலைநீளம் 850 ஆக இருக்கட்டும். கற்றையின் கோணம் லென்ஸின் கோணத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைக் கேமராவிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி மாட்டி, கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்கு அருகில் வெளிச்சமே இல்லாததால் மழைத் துளியும் பூச்சியும் தூசியும் படத்தில் எரியமாட்டா. நான் இதைச் செய்த பிறகுதான் மழை இரவுகளின் பதிவுகள் பார்க்கத் தகுந்தவையாயின.

நிறம் வேண்டுமென்றால் அகச்சிவப்பை விட்டுவிட்டு வெள்ளை வெளிச்சத்துக்கு வர வேண்டும். அகச்சிவப்பில் நிறம் இல்லை, இருக்கும் சாம்பல் சாயலும் பொய் சொல்லும். கருப்புச் சட்டை அதன் சாயத்தைப் பொறுத்து வெளிர் சாம்பலாகத் தெரியலாம். இரவுப் பதிவைப் பார்த்து ‘வெள்ளைச் சட்டை போட்டவர்’ என்று யாரிடமும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்த பிறகு, நன்றாக இருட்டிய வேளையில், வீட்டில் ஒருவரை வாயிற்கதவிலிருந்து வாசல் வரை இயல்பான வேகத்தில் நடந்து வரச் சொல்லுங்கள். இடையில் இரண்டு இடங்களில் நின்று கேமராவை நிமிர்ந்து பார்க்கட்டும். நேரலையைப் பார்க்காமல், பதிவை எடுத்து, ஓடவிட்டும் நிறுத்தியும் பாருங்கள். முகம் எந்த இடத்திலிருந்து தெரியத் தொடங்குகிறது என்பதைத் தரையில் ஓர் அடையாளமாகக் குறித்துக்கொண்டு, அந்த நிலைப்படத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் அதே ஆளை நிறுத்தி எடுத்த படம் மங்கலாக இருந்தால், முதலில் துணியையும் தூரிகையையும் எடுங்கள், அடுத்து மல்டிமீட்டரை.